சொல் ஒன்று, உயரம் ஒன்று

பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிக்கும் கிராமத்தார் ‘பாடு’ என்னும் முறையை வெகு காலமாய் அநுசரித்து வருகின்றனர். இன்ன நாளில் இன்ன இடத்தில் வலையிடுவது இன்னார் என்பது சகலருக்கும் தெரியும்; ஆதலால் படகோடு படகு மோதுவதில்லை. பொன்னேரிவாசிகள் நன்கறிந்த இவ்வொழுங்கு ஆகாய மார்க்கத்திற்கும் இன்றியமையாதது.

1996-ஆம் வருஷம் நவம்பர் 12-ந் தேதி மாலை, டில்லிக்கருகே சர்க்கி தாத்ரியின் மேல் இரு விமானங்கள் மோதி 349 பேர் மாண்டனர். இறங்கி வந்த கஜகஸ்தான் விமானத்திற்கு 15,000 அடியும், ஏறிச் சென்ற சௌதி விமானத்திற்கு 14,000 அடியும் விதிக்கப்பட்டிருந்தன. முன்னது 15,000 அடியில் இருப்பதாகத் தெரிவித்துவிட்டு, மேலும் கீழிறங்கியது. ரேடியோவில் பேசியவர் ஒருவர். விமானத்தைச் செலுத்தியவர் வேறொருவர். அவ்வுத்தரவை மீறி இறங்கியதே காரணமென்று நீதிபதி லஹோதி விசாரணைக் கமிஷன் தீர்மானித்தது.

மாண்டவர் மீது பழியைச் சுமத்திவிட்டுச் சும்மா இருத்தல் நியாயமாகுமா? வருவோருக்கும் போவோருக்கும் அங்கே ஒரே வழி. அன்றைய டில்லி ராடாரோ உயரத்தைக் காட்டாதது. வழிகளைப் பிரித்ததும், மோதலைத் தடுக்கும் எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்கியதும் அதன் பின்னரே.

உத்தரவைக் காதில் போடுவதோடு சர்க்காரின் கடமை தீராது. அது விமானத்தைச் செலுத்தும் கை வரை சென்று சேர்ந்ததா என்று காண்பதே கடமை. பிணங்களை எண்ணிய பின் விழிக்கும் வழக்கம் இனியேனும் ஒழியவேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.