அணைத்தும் ஆறாத அடுப்பு

பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் அணுமின் நிலையம் தலைப்பாக வந்தால், ஒரு சாரார் அது அணுகுண்டுபோல் வெடித்துவிடும் என்பார்கள். மறு சாரார் ஆபத்தே இல்லை என்று அடித்துச் சொல்வார்கள். இருவருமே கேட்க வேண்டிய கேள்வியை விட்டுவிடுகிறார்கள் என்பது என் கருத்து.

அணுமின் நிலையத்தில் பாதி நீங்கள் அறிந்ததே. நீரைக் கொதிக்க வைத்து, நீராவியால் டர்பைனைச் சுழற்றி, அதனுடன் இணைந்த ஜெனரேட்டரில் மின்சாரம் எடுக்கிறோம். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் நடப்பதும் இதுதான். அங்கே நிலக்கரி எரிகிறது. கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் யுரேனியம்-235 அணுக்கரு பிளக்கிறது. ஒரு நியூட்ரான் மோதினால் அணுக்கரு இரண்டு துண்டுகளாகி, இரண்டு அல்லது மூன்று நியூட்ரான்களை வெளிவிடும். அவற்றில் ஒன்று மட்டும் அடுத்த அணுக்கருவைப் பிளக்குமாறு பார்த்துக்கொண்டால் தொடர்வினை சீராக நடக்கும். சிதறும் துண்டுகளின் வேகமே வெப்பமாகிறது. உலைக்குள் ஓடும் நீர் அந்த வெப்பத்தைக் கொதிகலனுக்குக் கொண்டு செல்கிறது.

அணுகுண்டு யுரேனியத்தில் 235 வகை ஏறத்தாழ 90 விழுக்காடு இருக்கும். கூடங்குளத்து எரிபொருளில் அது சுமார் 4 விழுக்காடு. கல்பாக்கத்தின் இயற்கை யுரேனியத்திலோ 0.7 விழுக்காடுதான். எனவே உலை குண்டாக மாறாது. அந்தப் பயத்தை விட்டுவிடலாம்.

ஆனால் வேறொன்று இருக்கிறது. கட்டுப்பாட்டுத் தண்டுகளை இறக்கினால் சில வினாடிகளில் தொடர்வினை நின்றுவிடும். வீட்டில் காஸ் அடுப்பை அணைத்தால் கதை முடிந்தது, இங்கே முடிவதில்லை. பிளந்த துண்டுகள் கதிரியக்கம் உடையவை. அவை சிதைந்துகொண்டே வெப்பத்தைத் தரும். அதை எந்தத் தண்டாலும் நிறுத்த முடியாது. கூடங்குளத்தில் ஓர் உலை 1000 மெகாவாட் மின்சாரத்துக்காக 3000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. நிறுத்திய கணத்தில் இதில் 6 அல்லது 7 விழுக்காடு, அதாவது 200 மெகாவாட்டை ஒட்டிய வெப்பம் எஞ்சி நிற்கும். ஒரு மணி நேரம் கழித்தும் ஏறத்தாழ 40 மெகாவாட் இருக்கும். வினாடிக்கு ஒரு வாளித் தண்ணீரை முழுவதும் ஆவியாக்க இது போதும்! பயன்படுத்திய எரிபொருளை ஆண்டுக்கணக்கில் நீர்த்தொட்டியில் வைத்திருப்பதும் இதனால்தான்.

ஜப்பானில் ஃபுகுஷிமாவில் 2011 மார்ச் 11 அன்று நடந்ததைப் பாருங்கள். நிலநடுக்கம் வந்தவுடன் ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் தாமாகவே நின்றன. பிறகு வந்த ஆழிப்பேரலை டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. நீரைச் செலுத்த மின்சாரம் இல்லை. நின்றுபோன உலைகளே உருகின!

நம் நாட்டிலும் ஒரு சோதனை வந்தது. உத்தரப் பிரதேசத்தின் நரோராவில் 1993 மார்ச் 31 அன்று டர்பைன் தகடுகள் முறிந்து, ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் தீப்பற்றியது. கேபிள்கள் எரிந்தன. கட்டுப்பாட்டு அறையில் புகை சூழ்ந்ததால் ஊழியர்கள் வெளியேற நேர்ந்தது. ஏறத்தாழ 17 மணி நேரம் அந்த உலைக்கு மின்சாரமே இல்லை. ஊழியர்கள் தீயணைப்புக்கென வைத்திருந்த டீசல் பம்புகளை இயக்கிக் கொதிகலன்களுக்கு நீர் கொடுத்தார்கள். உலைக்குள் இருந்த கனநீர், சூடானது மேலேறவும் குளிர்ந்தது கீழிறங்கவுமாகத் தானே சுற்றி வந்தது. நீங்கள் பாடநூலில் படிக்கும் அதே வெப்பச்சலனம்தான்! உலை உருகவில்லை, கதிரியக்கம் வெளியேறவில்லை. மனிதர்களின் சமயோசிதத்தை நம்பி இருந்த இரவு அது. அப்படி ஓர் இரவு மறுபடி வரக்கூடாது என்றால், மின்சாரமும் ஆளும் இன்றியே வெப்பம் வெளியேறும் ஏற்பாடு வேண்டும். கூடங்குளத்தில் கொதிகலனின் நீராவியை வெளிக்காற்றே குளிரச் செய்து, நீராக்கித் திருப்பி அனுப்பும் அமைப்பு இருக்கிறது; பம்பு தேவையில்லை. இதுவே சரியான வழி என்று நினைக்கிறேன்.

2011-இல் இடிந்தகரை மீனவ மக்கள் கேள்வி எழுப்பியபோது, அவர்களுக்கு விஞ்ஞானம் தெரியாது என்று ஒதுக்கியவர்கள் உண்டு. நிறுத்திய உலையை எப்படிக் குளிர்விப்பீர்கள் என்பதைவிட விஞ்ஞானமான கேள்வி எது? அணுமின் நிலையத்தில் பணிபுரியும் பொறியாளர் எவரையாவது சந்தித்தால் நீங்களும் கேளுங்கள்: எல்லா மின்சாரமும் போய்விட்டால் உலையைக் குளிர்விக்கும் நீர் எங்கிருந்து வரும், எத்தனை நாளைக்குப் போதும்?