அழுகையன்று, ஆக்கம்!

ருஷ்ய நாட்டு இசைப்புலவர் சைக்காவ்ஸ்கி இயற்றிய ஆறாவது சிம்பொனியைப் பற்றி ஒரு கட்டுக்கதை நெடுங்காலமாக உலவி வருகின்றது. 1893-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், அவரே முன்னின்று நடத்தி அதனை அரங்கேற்றினார். ஒன்பது நாள் கழித்து, நவம்பர் 6-இல், தமது 53-ஆம் வயதில் உயிர் நீத்தார். இவ்விரு நிகழ்ச்சிகளையும் முடிச்சிட்டு, “தம் சாவை முன்னறிந்து அவர் எழுதிவைத்த மரண ஓலை இது” என்பாருமுளர். “மனம் நொந்தவன் சிந்திய கண்ணீரேயன்றி, இதில் கட்டுக்கோப்பு ஏது?” என்று இகழ்வாருமுளர். முன்னவர் வியக்கின்றனர், பின்னவர் பழிக்கின்றனர். ஆயினும் இருவர் செய்யும் தீங்கும் ஒன்றே என்போம்: கலைஞனின் உழைப்பை இருவரும் மறைக்கின்றனர்.

சிம்பொனி என்பது பல்லியக் குழு முழுதும் கூடி இசைக்கும் நெடிய இசைக்காப்பியம். பெரும்பாலும் நான்கு பகுதிகளை உடையது. துன்பத்தில் தொடங்கினும் வெற்றி முழக்கத்தில் முடிவதே பீத்தோவன் 1808-இல் அரங்கேற்றிய ஐந்தாவது சிம்பொனி காட்டிய பெருவழி. சைக்காவ்ஸ்கியும் அவ்வழி அறியாதவரல்லர். 1878-இல் அரங்கேறிய அவருடைய நான்காவதும், 1888-இல் அரங்கேறிய ஐந்தாவதும் ஆரவாரத்திலேயே முடிகின்றன. வெற்றியைப் பாடத் தெரிந்தவர் ஆறாவதில் துயரத்தோடு முடித்தாரெனில், அது தளர்ச்சியா? துணிவன்றோ!

அமைப்பை நோக்குவோம். பாஸூன் என்னும் குழல் தன் மிகத் தாழ்ந்த குரலில், டபுள் பாஸ்களின் இருண்ட ஒலிமேல் முனகத் தொடங்குகின்றது. பின்னர் வயலின்கள் கனிந்ததோர் இன்னிசையை எழுப்புகின்றன. அது தேய்ந்து அடங்குமிடத்தில், ‘மெல்ல’ என்னும் குறியை ஆறு முறை அடுக்கி எழுதினார் ஆசிரியர். செவி அந்த அமைதியில் ஒன்றிய கணமே, பல்லியம் முழுதும் இடியென வெடிக்கின்றது. இரண்டாம் பகுதி ஐந்தெண்ணிக்கையில் அசைந்தாடும் நடனம். மூன்றாம் பகுதி வெற்றி அணிவகுப்பு. அதன் முடிவில், எல்லாம் முடிந்ததென மயங்கிக் கைதட்டுவோர் இன்றும் பலர். அந்த மயக்கத்தின்மேல் நான்காம் பகுதியின் புலம்பல் இறங்குகின்றது. அதன் தொடக்க இன்னிசையை எந்த வயலின் அணியும் முழுதாக வாசிப்பதில்லை. இரண்டு அணிகள் ஒவ்வொரு சுரமாக மாறிமாறி ஏந்த, கேட்போர் செவியிலேயே அது ஒன்றாகின்றது. இறுதியில் சேகண்டி போன்ற பெரிய வெண்கலத் தட்டு ஒரே ஒரு முறை மெல்ல ஒலிக்கின்றது. செல்லோக்களும் டபுள் பாஸ்களும் தாழ்ந்து தாழ்ந்து மறைகின்றன. இருளில் தோன்றிய இசை இருளிலேயே அடங்குகின்றது. அறிவின்றி அழுபவனுக்கு இத்தகைய கணக்கு வாய்க்குமோ?

“முதற் பகுதியின் நடுவே, ருஷ்யத் திருச்சபையார் இறந்தோர்க்காகப் பாடும் இசை ஒலிக்கின்றதே!” என்பர். ஒலிக்கின்றது, மறுக்கவில்லை. சாவை எண்ணிப் பார்ப்பது வேறு; தன் சாவின் நாளைக் கணித்தல் வேறு. இறப்பதற்கு ஏறத்தாழ ஒன்பது மாதங்களுக்கு முன்னரே அவர் தம் மருமகனுக்கு ஒரு கடிதம் எழுதினார். இவ்விசையை மனத்தில் இயற்றுங்கால் பன்முறை அழுததாக அதில் கூறுகின்றார். அதே கடிதத்தில், வடிவத்தில் புதுமை பல உண்டென்றும், இறுதிப் பகுதி ஆரவாரமின்றி மிக மெதுவாகச் செல்லுமென்றும் தெளிவாகத் திட்டம் உரைக்கின்றார். கண்ணீரும் கணக்கும் ஒரே தாளில் நிற்கின்றன! சிம்பொனியை முடித்தபின்னும் அவர் ஓய்ந்தாரல்லர். பியானோவுக்குரிய வேறொரு படைப்பில் உழைத்தார். வாந்திபேதி கண்டு இறந்தாரென்பதே அன்றைய மருத்துவர் கூற்று.

அன்பர்களே! மாதக்கணக்கில் சுரம் சுரமாகச் செதுக்கியதை ‘விதி எழுதியது’ என்பது, உழைத்தவன் கூலியை ஊழுக்குக் கொடுப்பதாகும். துயரம் எல்லார்க்கும் வரும். அதற்கு வடிவம் கொடுத்துப் பிறர் துயரையும் தாங்கச் செய்பவனே கலைஞன். இச்சிம்பொனியைக் கேளுங்கள், சாவுக்கதையைத் தள்ளிவிட்டுக் கேளுங்கள். அங்கே ஒலிப்பது ஓர் ஆவியின் முன்னறிவிப்பன்று; விழித்திருந்த ஒரு மனிதனின் வேலை!