ராக்கெட் பார்க்கப் போலாமா, வேணாமா?

இந்த வாரம் லவ் இல்ல, கட் அடிச்ச கதை இல்ல. குடும்பம்! பயந்து பக்கத்தைத் திருப்பாதீங்க. அரியரும் கடைசியில வரும்.

காலேஜ் சேர்ந்ததும் நம்ம வீட்ல நமக்கு ஒரு புது போஸ்ட்டிங் கொடுப்பாங்க, கவனிச்சிருக்கீங்களா? கரன்ட் பில் கட்டுறது, ஆயாவுக்கு ஆஸ்பத்திரியில டோக்கன் போடுறது, அப்புறம் 'நீதான் படிச்சவனாச்சே, சொல்லு' டிபார்ட்மென்ட். எங்க வீட்ல அந்த டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு கேஸ் வந்துச்சு.

எட்டாவது படிக்கிற தங்கச்சி ஸ்ரீஹரிகோட்டா போகணும்னு ஒத்தைக் கால்ல நின்னா. ராக்கெட் பார்க்கணும், அங்கே இருக்கிற விண்வெளி அருங்காட்சியகத்தையும் பார்க்கணும். அம்மா, "ஒருநாள் போய்ட்டு வரலாமே"ன்னாங்க. ஆயா, "எனக்கு முட்டி வலி, என்னை விட்டுடுங்க"ன்னாங்க. அப்பா ஒண்ணும் சொல்லல. பேப்பரைத் திருப்பிக்கிட்டே, "அது வொர்த்தாடா?"ன்னு என்னைப் பார்த்தார்.

அந்தக் கேள்விதான் இந்த வாரத்துக் காலம்!

கணக்கு காசுல இல்ல

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இருக்கிற நம்ம வீடுகள்ல செலவுன்னா ரூபாய் மட்டும் இல்ல பாஸ். அப்பா எஸ்டேட்ல லேத்ல நிக்கிறார். திங்கள்லேருந்து சனி வரைக்கும் ஷிப்ட். வாரத்துக்கு ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை. அதுலதான் அவர் முடி வெட்டணும், கறி வாங்கணும், மத்தியானம் ரெண்டு மணி நேரம் தூங்கணும். அம்மாவுக்கு வெளியூர் டிரிப்னா லீவே கிடையாது. காலையில நாலு மணிக்கு எழுந்து லெமன் சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல்னு எக்ஸ்ட்ரா டூட்டி. ஆக, நான் தீர்ப்பு சொல்ல வேண்டியது ஒரு மியூசியத்தைப் பத்தி இல்ல. அஞ்சு பேரோட ஒரு ஞாயித்துக்கிழமையைப் பத்தி.

அங்கே என்ன இருக்கு?

முதல்ல மேப். சென்ட்ரல்லேருந்து கும்மிடிப்பூண்டி லைன்ல சூலூர்பேட்டை 83 கிலோமீட்டர். ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும். நம்ம ஆளுங்க சென்ட்ரல் வரைக்கும் போக வேண்டாம். ஆவடி லோக்கல்ல வந்து பேசின் பிரிட்ஜ்ல மாறிக்கலாம். சூலூர்பேட்டையிலேருந்து பழவேற்காடு ஏரிக்கு நடுவுல போற ரோட்டுல இன்னும் 18 கிலோமீட்டர் சொச்சம். வண்டின்னா செங்குன்றம், கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், தடான்னு நேர் ரோடு. பூந்தமல்லிக்காரங்க அவுட்டர் ரிங் ரோட்டைப் பிடிச்சு செங்குன்றம் பக்கம் ஏறிக்கலாம்.

1969-ல தேர்ந்தெடுத்த தீவு அது. காரணம் சிம்பிள். பூமி மேற்கிலேருந்து கிழக்கா சுத்துது. அந்த அட்சரேகையில நொடிக்கு சுமார் 450 மீட்டர் வேகம். கிழக்குப் பார்த்து ராக்கெட் விட்டா அந்த வேகம் ஓசி! கிழக்கே கடல்தான், ஏதாவது கீழே விழுந்தாலும் யார் தலையிலும் விழாது. 1971 அக்டோபர் 9-ம் தேதி ரோகிணி-125ங்கிற குட்டி ராக்கெட்டோட கணக்கு ஆரம்பிச்சுது. 2025 ஜனவரி 29-ல ஜி.எஸ்.எல்.வி.-எஃப்15 கிளம்பினப்போ அது அங்கேருந்து நடந்த நூறாவது ஏவுதல்.

2019-ல பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்குறதுக்கு கேலரி திறந்தாங்க. அருங்காட்சியகம், ராக்கெட் மாடல்கள் நிக்கிற தோட்டம் எல்லாம் அதே வளாகத்துல. கேலரிக்குக் கட்டணம் கிடையாது. ஆனா வாசல்ல போய் நின்னு டிக்கெட் கிழிக்கிற இடம் இல்ல இது. ஏவுதலுக்குச் சில நாள் முன்னாடி ஆன்லைன்ல பதிவு திறக்கும், மளமளன்னு தீரும். ஆளாளுக்கு அடையாள அட்டை வேணும். 'போய்ப் பார்த்துக்கலாம்'னு கிளம்புற நம்ம பரம்பரைப் பழக்கத்தை வீட்லயே கழட்டி வெச்சிட்டுப் போங்க.

ரிஸ்க் எங்கே?

ராக்கெட் நம்ம காலேஜ் பஸ் இல்ல, டைமுக்கு வர்றதுக்கு! (சரி, காலேஜ் பஸ்ஸும் வராது.) 2019 ஜூலை 15, விடிகாலை 2.51-க்கு சந்திரயான்-2 கிளம்பணும். குடியரசுத் தலைவரே வந்திருந்தார். கேலரியில ஜனம் தூக்கத்தைத் தொலைச்சுட்டு உட்கார்ந்திருந்துச்சு. 56 நிமிஷம் இருக்கறப்போ கவுன்ட்டவுனை நிறுத்திட்டாங்க. தொழில்நுட்பக் கோளாறு. குழந்தைங்களைத் தோள்ல போட்டுக்கிட்டு எல்லாரும் திரும்பினாங்க. ஒரு வாரம் கழிச்சு ஜூலை 22 மத்தியானம் 2.43-க்கு அது ஜம்முனு போச்சு. ஆனா முதல் தடவை வந்த எத்தனை குடும்பத்துக்கு ரெண்டாவது லீவு கிடைச்சிருக்கும்?

அதனால, ராக்கெட் கிளம்பலைன்னாலும் அந்த நாள் வீண் இல்லன்னு உங்க வீடு நினைக்குமா? இதுக்கு 'ஆமாம்'னா மட்டும் மேல படிங்க.

நாங்க போனோம்

2025 நவம்பர் 2. ஞாயித்துக்கிழமை, சாயங்காலம் 5.26-க்கு எல்.வி.எம்.3-எம்5. அதுவரைக்கும் இந்திய மண்ணுலேருந்து கிளம்பின தகவல் தொடர்பு செயற்கைக்கோள்கள்லயே ரொம்ப வெயிட்டானது, 4,410 கிலோ எடையுள்ள சி.எம்.எஸ்-03, அதுலதான் போச்சு. பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட ஆம்னியைக் கடன் வாங்கிட்டு, ஆயாவையும் தாஜா பண்ணி ஏத்திட்டோம்.

உண்மையைச் சொல்லிடுறேன். வரிசை, சோதனை, காத்திருப்பு, வியர்வை. ஆயா மூணு தடவை "எப்போடா விடுவான்?"னு கேட்டாங்க. அம்மா கட்டிட்டு வந்த சாப்பாட்டை வண்டி நிறுத்தின இடத்துலேயே அவசர அவசரமா முடிச்சோம். தங்கச்சி மட்டும் நோட்டுல ஏதோ கிறுக்கிட்டே இருந்தா.

அப்பா? வழக்கம்போல சைலன்ட். ராக்கெட் மாடல்கள் கிட்ட வந்ததும் தங்கச்சி படிச்சதை எல்லாம் ஒப்பிக்க ஆரம்பிச்சா. "எஸ்.எல்.வி.-3, உயரம் 22 மீட்டர், எடை 17 டன், தூக்கிட்டுப் போனது நாப்பது கிலோ."

அப்பா திரும்பினார். "நாப்பது கிலோவைத் தூக்க பதினேழு டன்னா? இந்த மைலேஜுக்கு எங்க கம்பெனி லாரியே தேவலாம் போல!"

அவர் ஜோக் அடிச்சு நாங்க பார்த்து எவ்வளவு நாளாச்சு! நான் சும்மா இருக்காம எனக்குத் தெரிஞ்சதை எடுத்து விட்டேன். "அந்த ராக்கெட் முதல் தடவை, 1979 ஆகஸ்ட் 10-ல கடல்ல விழுந்துடுச்சுப்பா. அப்துல் கலாம்தான் திட்ட இயக்குநர். ரெண்டாவது கட்டத்துல ஒரு வால்வு மக்கர் பண்ணி திரவம் கசிஞ்சிடுச்சு. அடுத்த வருஷம் ஜூலை 18-ல ஜெயிச்சாங்க."

"வால்வா?"

எங்கப்பா எஸ்டேட்ல கடையறது வால்வு பாடி. இருபத்திரெண்டு வருஷமா. அது எனக்குத் தெரியும். அதாவது, ஃபார்ம்ல 'தந்தை தொழில்'னு எழுதுற அளவுக்குத் தெரியும்.

அன்னிக்கு அந்த மாடல் நிழல்ல நின்னுக்கிட்டு அரை மணி நேரம் பேசினார். சீட்டுங்கிற இடம் சரியா உட்காரலைன்னா எப்படிக் கசியும், பத்து மைக்ரான் வித்தியாசத்துல எப்படி ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆகும், கண்ணுக்குத் தெரியாத கீறலை விரல் நுனியால எப்படிக் கண்டுபிடிக்கிறது... தங்கச்சி நோட்டை மூடிட்டு அவரையே பார்த்துக்கிட்டு இருந்தா. "அப்பா, அப்போ நீங்க அந்த வால்வைப் பார்த்திருந்தா?"ன்னு கேட்டா. "யார் பார்த்தாலும் ஒண்ணு தப்பும் பாப்பா. தப்பினதை மறுபடி எடுத்துப் பார்க்கிறவன்தான் வேலைக்காரன்"னார்.

ரெண்டு அரியர் வெச்சிருக்கிற நான் பக்கத்துலதான் நின்னேன். அவர் என்னைப் பார்த்துச் சொல்லல. எனக்குத்தான் கேட்டுச்சு.

5.26. முதல்ல வெளிச்சம் மட்டும். சத்தம் அப்புறமாத்தான் வருது. ஒரு கிலோமீட்டருக்கு மூணு நொடின்னு ஸ்கூல்ல படிச்சது நெஞ்சுக்கூட்டுல அதிரும்போதுதான் புரியுது. 640 டன் எழுந்து போகுது. ஆயா கைகூப்பிட்டாங்க.

பில்லு

திரும்பி வர்றப்போ ஏரிக்கு நடுவுல ஒரே ரோடு, எல்லா வண்டியும் அதுலதான். வீடு வந்து சேர பத்தரை. ஆயாவுக்கு ரெண்டு நாள் முட்டி வீக்கம். அம்மா அன்னிக்கு ராத்திரியே பாத்திரம் கழுவினாங்க. (நான் கழுவியிருக்கணும். தூங்கிட்டேன். இதையும் கணக்குல சேர்த்துக்குங்க.) அப்பா காலையில எட்டு மணி ஷிப்ட்டுக்கு சிவந்த கண்ணோட போனார்.

ஆக, வொர்த்தா? எங்க வீட்ல மூணு பேருக்கு ஆமாம், ஒருத்தருக்குப் பாதி, ஒருத்தருக்கு இல்ல. அந்தப் பாதி அம்மா. "அடுத்த தடவை சாப்பாடு கடையில வாங்கினா வர்றேன்"னு தீர்ப்பு. இல்லன்னது ஆயா. அவங்க ஞாபகத்துல இருக்கிறது ராக்கெட் இல்ல, ஏரியில நின்ன பறவைங்க.

உங்க வீட்டுத் தீர்ப்புக்கு...

ஒண்ணு: வீட்ல அஞ்சாறு வயசுக்குக் குறைஞ்ச வாண்டுங்க இருந்தா இப்போதைக்கு வேணாம். அதுங்களுக்குக் கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கம் போதும். 1988-லேருந்து இருக்கு. நம்ம ஏரியாவுலேருந்து சுமார் 20 கிலோமீட்டர். தமிழ்லயே ஷோ. இருட்டுல தலைக்கு மேல நட்சத்திரம், மத்தியானத்துக்குள்ள வீடு.

ரெண்டு: முட்டி வலி ஆட்கள் இருந்தா மொட்டை மாடி! நம்ம ஏரியாவுலேருந்து ஸ்ரீஹரிகோட்டா நேர்கோட்டுல சுமார் 70 கிலோமீட்டர்தான். மேகம் இல்லாத நாள்ல வடக்கே பார்த்து நின்னா நெருப்புக்கோடு மேலே போறது தெரியும். செலவு, ஒரு கப் டீ.

மூணு: நவம்பர்லேருந்து மார்ச்சுக்குள்ள போனா பழவேற்காடு ஏரியில பூநாரைகளைப் பார்க்கலாம். சூலூர்பேட்டை பக்கத்துலயே நேலபட்டு பறவைகள் சரணாலயம் இருக்கு. ராக்கெட் ஏமாத்தினாலும் பறவை ஏமாத்தாது.

நாலு: ஏழாவதுக்கு மேல படிக்கிற தம்பி, தங்கச்சி இருந்தா கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க. சந்திரயான்-3-க்குத் திட்ட இயக்குநரா இருந்த வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். ரயில்வே தொழிலாளியோட பையன். பாலிடெக்னிக் டிப்ளமோ முடிச்சு, தாம்பரம் பக்கம் ஒரு தனியார் காலேஜ்ல இன்ஜினீயரிங் படிச்சவர். இதை அந்த இடத்துல நின்னு சொன்னா அதுக்கு வேற வெயிட்.

அஞ்சு: அம்மாவுக்கும் அன்னிக்கு லீவு கொடுக்க முடியுமா? முடியாதுன்னா போகாதீங்க. டி.வி.யில நேரலை வரும்.

கடைசியா ஒண்ணு. அப்பா கேட்ட 'வொர்த்தா'ங்கிற கேள்விக்கு நான் சரியா பதில் சொல்லவே இல்ல. அடுத்த ஞாயித்துக்கிழமை அவர் தூங்கி எழுந்ததும் போய்ப் பக்கத்துல உட்கார்ந்து, "அந்த சீட்டு உட்காரலைன்னா கசியும்னீங்களே, எப்படிப்பா?"ன்னு கேட்டேன். பழைய பேப்பர் ஓரத்துல படம் போட்டுக் காட்டினார்.

என்னோட ஒரு அரியர், மெஷின் டிராயிங். எக்ஸாம் ஃபீஸ் கட்டிட்டேன் மக்களே!