வள்ளல் யேலும் பட்டை போட்ட பையனும்

"நம்ம சென்னைப் பணத்துல அமெரிக்காவுல ஒரு பல்கலைக்கழகமே நிக்குது" என்று எங்க வாத்தியார் பெருமையோடு சொல்வார். நானும் வாயைப் பிளந்து கேட்டிருக்கிறேன்.

எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். அவன் தலைமையில் இருந்த கவுன்சில்தான் கப்பலில் அடிமைகளை ஏற்றி அனுப்ப உத்தரவிட்டது. 1718இல் அவன் கொடுத்த 9 பொதி சரக்கு 562 பவுனுக்கு விற்றது. கல்லூரிக்கு அவன் பெயர் ஒட்டிக்கொண்டது. அவன் இருக்கும் ஓவியமொன்றில் கழுத்தில் உலோகப் பட்டை மாட்டிய கறுப்புப் பையன் நிற்கிறான். அந்தப் பையனின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

2024 பிப்ரவரியில் யேல் பல்கலைக்கழகம், அடிமை முறையில் தனக்கிருந்த பங்குக்கு மன்னிப்புக் கேட்டது. அடிமை முறையை ஆதரித்த கால்ஹூன் பெயரை 2017இலேயே ஒரு உறைவிடக் கல்லூரியிலிருந்து எடுத்தவர்கள்தான். யேல் பெயரை மட்டும் விட மனசில்லை.

சரி, வெள்ளைக்காரனைத் திட்டிவிட்டுத் தூங்கப் போகலாமா தோழர்களே? அவன் வருவதற்கு முன்பே மனுசனைக் கோயிலுக்கு விற்றதைச் சோழர் கல்வெட்டு சொல்லுது. நிலத்தோடு சேர்த்துப் பறையரையும் பள்ளரையும் விற்றார்கள். 1843ஆம் வருசத்துச் சட்டம் வந்தும் பண்ணையடிமைத்தனம் ஒழியலை. இங்கே கல்லூரி கட்ட நிலமும் நன்கொடையும் கொடுத்த 'வள்ளல்'களின் பண்ணையில் யார் உழைத்தது? கூலி எவ்வளவு?

சேரியிலிருந்து படிக்கப் போன நாம் கேட்க வேண்டிய கேள்வி இது. மன்னிப்பெல்லாம் அப்புறம். முதல்ல பேரேட்டைத் திற!