சர்க்கரைக்கு ஸ்டெம் செல்லா? காசு கேட்டா எந்திரிச்சு வந்துருங்க

1/ "ஒரே ஊசி, அப்புறம் இன்சுலினே வேண்டாம்"னு வாட்ஸ்அப்ல விளம்பரம் சுத்துது. ஆனைமலை, பொள்ளாச்சிப் பக்கமிருந்து வர்றவங்க "போலாமுங்களா டாக்டர்?"னு கேக்கறாங்க. போகாதீங்க. ஏன்னு சொல்றேன்.

2/ "பேப்பர்லயே வந்துச்சே?" வந்தது உண்மைதான். 2023-ல் சீனாவின் தியான்ஜினில், டைப் 1 சர்க்கரை இருந்த 25 வயதுப் பெண்ணுக்கு, அவரோட செல்களில் இருந்தே இன்சுலின் சுரக்கும் திட்டுகளை ஆய்வகத்தில் வளர்த்து வயிற்றுச் சுவரில் வெச்சாங்க. 75 நாளில் ஊசி தேவைப்படலை. ஆனா அவர் ஏற்கெனவே கல்லீரல் மாற்று செய்து, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தில் இருந்தவர். விளம்பரம் இதைச் சொல்லாது.

3/ 2025-ல் வெர்டெக்ஸ் நிறுவனத்தின் ஆய்வு. இதுவும் டைப் 1-க்குத்தான். முழு டோஸ் பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஒரு வருசம் கழிச்சு இன்சுலின் தேவைப்படலை. பெரிய சாதனை! ஆனா இவங்களும் அதே அடக்கும் மருந்தில்தான் இருந்தாங்க. மொத்தம் 14 பேரில் 2 பேர் இறந்தாங்க, ஒருத்தர் மூளையுறைத் தொற்றால்.

4/ அந்த மருந்து எதுக்கு? தென்னந்தோப்பு வெச்சிருக்கறவங்களுக்குச் சட்டுனு புரியும். வேர் வாடல் வந்த தோப்புல, மரத்தை வெட்டிட்டு புது நாத்து நட்டா மட்டும் போதுமா? நோயைப் பரப்பற பூச்சி அங்கேயேதானே இருக்கு! டைப் 1-ல் நம்ம எதிர்ப்பு சக்தியே இன்சுலின் செல்களை அழிக்குது. புதுசா வெச்சாலும் விடாது.

5/ நம்மில் பெரும்பாலானவங்களுக்கு இருக்கறது டைப் 2. இன்சுலின் சுரந்தும் உடம்பு அதுக்குச் சரியா கட்டுப்படாத நோய். தொப்பையும் கல்லீரல் கொழுப்பும் அப்படியே இருக்க, செல்லை மட்டும் ஏத்தி என்ன பண்றது?

6/ சரி, இங்கே என்ன ஏத்தறாங்க? உங்க எலும்பு மஜ்ஜை, கொழுப்பு, இல்லைன்னா தொப்புள்கொடியில் இருந்து எடுத்த செல். நரம்புல ஏத்தினா பெரும்பகுதி நுரையீரல்லயே மாட்டிக்கும். ஆய்வகத்தில் வளர்த்த இன்சுலின் செல் வேற, இது வேற. பேரு ஒண்ணு, சரக்கு வேற.

7/ "எங்க மாமாவுக்குக் குறைஞ்சுதே?" ஊசியோட சேர்த்துக் கண்டிப்பான டயட்டும் நடையும் சொல்லி அனுப்பறாங்க. அதுக்கே சர்க்கரை குறையும். பேர் வாங்கறது ஊசி.

8/ ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல் தெளிவா சொல்லுது: ரத்த நோய்கள் போன்ற சிலவற்றுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்று தவிர, மற்றதெல்லாம் அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே செய்யணும். நோயாளிகிட்ட அதுக்குக் காசு வாங்கக்கூடாது. சர்க்கரையைக் குணமாக்கறோம்னு விளம்பரம் செய்வதையே 1954-லேயே சட்டம் தடுத்திருக்கு.

9/ காசு போனாக்கூட சம்பாதிச்சுக்கலாமுங்க. டைப் 1 குழந்தைக்கு இதை நம்பி இன்சுலினை நிறுத்தினா, சில நாள்லயே ரத்தத்தில் அமிலம் கூடி உயிரே போயிரும்.

10/ ஆள் அனுப்பிவிடும் சக மருத்துவர்களே, ஆதாரம் இல்லைன்னு தெரிஞ்சே அனுப்பறீங்கன்னா அது வைத்தியம் இல்லை, தரகு.

11/ போயே தீருவேன்னா, ரெண்டே கேள்வி கேளுங்க. "இது ஆய்வுன்னா அரசுப் பதிவு எண் எங்கே? ஆய்வுன்னா எங்கிட்ட எதுக்குக் காசு?" பதில் வராது.

12/ மெட்ஃபார்மின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021-ல் இருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வருது. மூணு மாசத்துக்கொருக்கா ஹெச்பிஏ1சி, வருசத்துக்கொருக்கா கண், கிட்னி, பாதம் பாருங்க. தோப்பை அடமானம் வெக்காதீங்க.