அரையிருளை அலங்கரிப்போர்

உல்லாச விடுதிகளின் உணவுக்கூடங்களுக்கு ஒளி அமைப்பது இன்று ஒரு தனிக்கலையாகவே வளர்ந்திருக்கிறது. மேசைமீது சுமார் 2700 கெல்வின் அளவான பொன்னிற ஒளி; சுவரோரங்களில் நிழல்; முகத்தை மென்மையாக்கவும் உணவுக்கு மெருகூட்டவும் தாழ வைத்த விளக்குகள். விருந்தினர் நெடுநேரம் அமர்வர், கூடுதலாகச் செலவிடுவர். இதில் குற்றங்காண நாம் முன்வரவில்லை. அழகை வெறுப்பது முற்போக்காகாது. ஆனால் மலையகத்தில் இக்கலை எதை அழகாக்குகிறது என்று கேட்கும் உரிமை நமக்குண்டு.

கந்தப்பளையின் பழைய ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் விடுதியாக மாற்றப்பட்டது. கொழுந்து வாட்டிய மாடிகள் விருந்தினர் அறைகளாயின. பாழாகவிருந்த கட்டடம் பிழைத்ததே என்பர், ஒப்புகிறோம். ஆனால் இத்தகைய மாடிகளுக்கு வரிசை வரிசையாகச் சன்னல் வைத்தவர்கள் யார்? தோட்டத் துரைமாரல்லவா! கொழுந்து வாடக் காற்று வேண்டும் என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர். தேயிலையின் சாயத்தை மதிப்பிட வடக்கு நோக்கிய சன்னலின் சீரான ஒளி வேண்டும் என்பதும் இத்தொழிலின் பழைய அறிவே. இத்துணையும் அறிந்தவர்கள், அக்கொழுந்தைக் கொய்தவளுக்குக் கட்டிய பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஒரு கதவோடு நிறுத்திக்கொண்டனர். முதுகோடு முதுகொட்டிய லயத்தில் பின்சுவர் அடுத்த குடும்பத்தின் சுவர். சன்னலை எங்கே வைப்பது? ஆகவே லயத்தின் இருள் அறியாமையால் விளைந்ததன்று; கணக்குப் பார்த்துக் கட்டப்பட்டது.

இன்று லாந்தர் வடிவ விளக்கு 'பழைமையின் சூழல்' என்று விலைபோகிறது. யாருடைய பழைமை? மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு அரை மீற்றர் தூரத்தில் நாலைந்து லக்ஸ் ஒளி தந்தாலே பெரிது. வகுப்பறைக்குக் குறைந்தது 300 லக்ஸ் வேண்டும் என்பது ஒளியமைப்பாளர்களே கைக்கொள்ளும் அளவுகோல். அந்த நாலைந்து லக்ஸில் படித்து ஆசிரியரானவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். விடிந்ததும் மூக்கிலிருந்து கரியைத் துடைத்தவர்களிடம் போய்ச் 'சூழல்' பற்றிப் பேசிப் பாருங்கள்! இப்போது பெரும்பாலான லயங்களுக்கு மின்சாரம் வந்துவிட்டது, சன்னல்தான் வரவில்லை. பல காம்பராக்களில் நண்பகலிலும் மின்குமிழ் எரிகிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. அந்திவேளையில் உணவுக்கூடத்தின் ஒளியைத் தணித்தால் சன்னற் கண்ணாடியில் உள்ளறை பிரதிபலிக்காது. வெளியே மலை தெரியும். மலைச்சரிவில் மின்மினிபோல் சிதறிய புள்ளிகளும் தெரியும். அவை லயத்து விளக்குகள். கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் அப்படியொரு வரிசை 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலை மண்ணுக்குள் போயிற்று. அந்தச் சரிவு ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது; மாற்று வீடு இல்லை.

கலை கலைக்காகவே என்று இதற்கும் பதிலுரைக்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நாம் பெரிதாக எதையும் கேட்கவில்லை. தகரக் கூரையில் ஒரு தகட்டை எடுத்துவிட்டு ஒளிபுகும் தகடு பதித்தால், பகல் முழுவதும் ஒரு பிள்ளை அதன் கீழிருந்து படிக்கலாம். விடுதிக்காகச் சுவரை இடித்துக் கண்ணாடி வைக்கும் ஒளியமைப்பாளருக்கு இது அரைநாள் வேலை. லயத்தில் பிறந்து, அதிலேயே முதுமையடைந்த தொழிலாளியோ தன் காம்பராச் சுவரில் ஒரு துவாரமிடவும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். சுவர் அவருடையதல்லவே!