கோமான் கையில் சவுக்கு

கடவுளை மறுத்தவர் அனைவரும் நம் தோழர்தாமா? இக் கேள்வியை நாமே கேட்டுக்கொள்ளாவிடில், மாற்றார் கேட்பர். கேட்டு, விடையையும் தாமே கூறிவிடுவர்.

கூறியும் வருகின்றனர். "கடவுளை மறந்தவன் கடைசியில் போய்ச் சேருமிடம் மார்க்கி தெ சாட்!" என்று வைதீகர் விரல் நீட்டுகின்றனர். மற்றொரு புறம் இலக்கியச் சுவைஞர் சிலர், "சாட்! விடுதலையின் விளக்கு! எழுத்துக்காகச் சிறை புகுந்த தியாகி!" என்று மாலை சூட்டுகின்றனர். விரலும் பொய் சொல்கிறது. மாலையும் பொய் சொல்கிறது.

யார் இந்தச் சாட்? 1740-இல் பாரிசில், கோமான் குடியில் பிறந்தவன். உழைத்துப் பெற்றதன்று அவன் பட்டம், பிறப்பு தந்தது. 1814-இல், ஷராந்தோன் மனநோய் விடுதியில் மடிந்தான். பிறர் துன்பத்திலே இன்பங் காணும் கொடுமைக்குச் 'சாடிசம்' என்ற பெயர் வந்தது இவன் பெயரால்தான்.

இவன் எழுத்திலே பகுத்தறிவு உண்டா? உண்டு; மறைப்பானேன்? 1782-இல், வேன்சேன் சிறையில் இருந்தபோது, ஒரு பாதிரிக்கும் சாகக்கிடப்பவனுக்கும் நடக்கும் உரையாடலொன்றை எழுதினான். பாவமன்னிப்பு வழங்க வந்த பாதிரியை, சாகக்கிடப்பவன் கேள்விகளால் மடக்குகிறான். இயற்கையையே முழுதும் அறியாதவன், அதற்கு மேலும் ஒரு காரணத்தைக் கற்பிப்பானேன்? அற்புதங்களும் தியாகிகளும் எல்லா மதத்திலும் உண்டே. எதை எதற்குச் சான்றாகக் கொள்வது? கூர்மையான வாதங்கள்! 1795-இல் வெளிவந்த நூலொன்றில், தூக்குத் தண்டனையை, அரசு நிதானமாகச் செய்யும் கொலையை, ஒழித்திடவும் வாதாடினான்.

ஆனால் தோழர்களே, பக்கத்தைப் புரட்டுங்கள். அதே 1795-ஆம் ஆண்டு நூலில், குடியரசு விடுதிகள் அமைக்க வேண்டும், ஆடவன் விரும்பியழைத்த பெண் மறுத்தலாகாது என்கிறான். பெண்ணுக்கும் அதே உரிமை உண்டு என்று சேர்த்துக்கொள்கிறான், சமத்துவமாம்! 'மாட்டேன்' என்று சொல்லும் உரிமையைப் பறித்த பிறகு எஞ்சுவது எந்த விடுதலை? கோயிலை இடித்துவிட்டுப் பெண்ணைப் பொதுச் சொத்தாக்கினால், மாறியது கட்டடமே, அடிமைத்தனம் அன்று.

ஏட்டில் மட்டுமா? 1768, ஈஸ்டர் ஞாயிறு. பாரிஸ் வீதியில் பிச்சை கேட்டு நின்ற ரோஸ் கெல்லர் என்ற கைம்பெண்ணை, ஆர்க்கேயில் இருந்த தன் வீட்டுக்கு அழைத்துச் சென்று, பூட்டிவைத்துச் சவுக்கால் அடித்தான். அவள் சன்னல் வழியே தப்பி, ஊராரிடம் முறையிட்டாள். முடிவு? 2,400 லீவர் பணம், வழக்கு வாபஸ்! கோமானுக்குச் சில மாதக் காவல், பின்னர் வீடு.

வைதீக நண்பரே, இப்போது உமக்கு விடை. இந்தச் சலுகையை வழங்கியது யார் ஆட்சி? கடவுள் அருளால் ஆள்வதாகச் சொல்லிக்கொண்ட மன்னனின் ஆட்சி! அதே ஆட்சிதான், அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1766 ஜூலை முதல் நாள், அபெவில் நகரில், லா பார் என்ற இருபது வயது இளைஞனின் தலையை வெட்டி, உடலை எரித்தது. தெய்வ நிந்தனை என்று குற்றஞ் சாட்டினர். ஊர்வலத்தின் முன் தொப்பியைக் கழற்றவில்லை, மதத்தைப் பழிக்கும் பாட்டுப் பாடினான் என்றனர். வால்டேரின் நூலையும் உடன் எரித்தனர். தொப்பி தலையில் இருந்ததற்குத் தலையே போயிற்று. ஏழைப் பெண்ணின் முதுகைக் கிழித்ததற்குப் பணப்பை போதுமாயிற்று! சாட்டின் கையில் சவுக்கைத் தந்தது நாத்திகமன்று. பிறப்பும் செல்வமும், அவற்றைக் காத்த கடவுளாட்சியும்.

1777-இல் அவனை அடைத்தனர்; உண்மை. விசாரணையின்றி, அரசனின் கடிதத்தால், மாமியாரின் முயற்சியால். ரோஸ் கெல்லருக்காகவா? இல்லை, குடும்ப மானத்துக்காக! 1801-இல் நெப்போலியன் ஆட்சி, எழுதிய நூல்களுக்காக விசாரணையின்றிச் சாகும் வரை அடைத்தது. இரண்டும் அநீதி. அநீதியாக அடைக்கப்பட்டவன் எல்லாம் நீதிமான் ஆகிவிடமாட்டான்.

நூலை எரிக்கச் சொல்கிறோமா? இல்லை. சாட்டின் நூல்களை அச்சிட்டதற்காகப் பொவேர் என்ற பதிப்பாளர் மீது 1956-இல் பாரிசில் வழக்கு நடந்தபோது, அவர் பக்கம் நின்று சாட்சி சொன்னவருள் ஒருவர் ஜார்ஜ் பத்தாய். படிக்கும் உரிமைக்காக நின்றவரை நாம் வணங்காவிடினும் மதிக்கிறோம். அந்தப் பத்தாயே 1957-இல் ஓர் உண்மையைச் சொல்லியிருக்கிறார்: மீறல் என்பது தடையை ஒழிப்பதில்லை, ஒரு கணம் தாண்டிவிட்டு, அதை அப்படியே விட்டுவைக்கிறது என்பது அவர் கருத்து. எண்ணிப் பாருங்கள்! வேலியைத் தாண்டி இன்பங் காண்பவனுக்கு வேலி தேவை. புனிதத்தைத் தீட்டாக்கிக் களிப்பவனுக்குப் புனிதம் தேவை. நமக்கோ வேலியே வேண்டாம். ஆகவே தாண்டும் வித்தையும் வேண்டாம்.

'சோதோமின் 120 நாட்கள்' நூலிலே கொடுமை புரியும் நால்வர் யார்? ஒரு கோமான், ஒரு பிஷப், ஒரு நீதிபதி, ஒரு பணமுதலை! ஆளும் கூட்டத்தின் முகத்தை இவ்வளவு துல்லியமாக அறிந்தவன், அவர்களை எதிர்த்து எழுந்தானா? இல்லை. பலியானோரின் வாய் அந்நூலிலே பெரும்பாலும் மூடியே கிடக்கிறது.

ஒன்று சொல்லியாக வேண்டும். 1793-இல், புரட்சியின் பயங்கர நாட்களில், பகுதிச் சபைத் தலைமை அவன் கைக்கு வந்தது. தன்னைச் சிறையிட்ட மாமியார் குடும்பத்தைப் பழிவாங்க வாய்ப்பிருந்தும், காப்பாற்றினான். அந்த ஒரு நாள் அவன் மனிதன். அந்த நாளை எடுத்துக்கொள்வோம்.

பாஸ்டீல் சிறையில் அவன் எழுதிய அந்த 120 நாட்களின் சுருளை 2021-இல் பிரெஞ்சு அரசு தேசியச் செல்வமாகப் பெற்றது. விலை 45 லட்சம் யூரோவுக்கு மேல். ரோஸ் கெல்லரின் வாயை அடைத்த விலை 2,400 லீவர். இரண்டையும் அருகருகே எழுதிவைத்துப் படியுங்கள். கடவுள் இல்லை என்பது பகுத்தறிவின் முதல் சொல். 'எவர் முதுகும் எவர் சவுக்குக்கும் உரியதன்று' என்பது அடுத்த சொல். முதல் சொல்லோடு நின்றுவிட்டவன் நம் தோழனல்லன்!